கோழிக்கூட்டின் மேல் கிடந்தது

சமாதானம் வந்த இரண்டாம் வருடம், ஊருக்குப் போகிற எல்லோரிடமும் நாங்கள் ஒரே வேலையைத்தான் கொடுத்தோம்: எங்கள் வளவை, வீட்டுக் காணியை, வீடியோ எடுத்து வர வேண்டும். ஜெர்மனியில் நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சனில் அந்த நாட்களில் கல்யாண வீடியோவைவிட வளவு வீடியோதான் அதிகம் ஓடியது. எங்களுடையதை என் கணவரின் சிநேகிதர் எடுத்து வந்தார். மனுசனுக்குக் கை நடுக்கம். பாதி நேரம் தன் செருப்பைத்தான் படம் பிடித்திருந்தார்.

பளைக்குப் பக்கத்தில் அப்பா மிளகாய் வைத்த காணி அது. நான் ஜெர்மனிக்கு வந்த பிறகு ஆமி அதில் காவலரண் கட்டியது. இயக்கப் பெடியள் அடித்துப் பிடித்தார்கள். திரும்ப ஆமி, திரும்பப் பெடியள். யார் எப்போது இருந்தார்கள் என்று என் தங்கச்சியால்கூட வரிசையாகச் சொல்ல முடியாது. அவள் அப்போது வன்னியில் மரங்களுக்குக் கீழே குடியிருந்தாள். சண்டை நின்றதும் புருசனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய், பதுங்குகுழியை மண் போட்டு மூடி, பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டாள். போகச் சொல்லி நச்சரித்தவள் நான்தான். காணியை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு துணிச்சலாகப் பேசுவதில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்த மார்கழியில் எங்கள் தெருவில் அத்திவாரம் தோண்டியபோது உலகப் போர்க் காலத்துக் குண்டு ஒன்று வெளிப்பட்டது. பொலிஸ் கதவு கதவாகத் தட்டித் தெருவையே காலி செய்து, பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பியது. கீழ்வீட்டு ஜெர்மன்காரக் கிழவி என் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தாள். "அறுபது வருசமாக அதற்கு மேலால்தான் நான் பாண் வாங்கப் போய் வந்திருக்கிறேன்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த வீடியோவைப் போட்டேன். கோழிக்கூட்டுத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் பாரம் வைத்திருந்தார்கள். மூன்று மூலையில் கல். நாலாவதில் பச்சை நிறம் தேய்ந்து, வாலில் மீனைப் போலச் செட்டை வைத்த ஓர் இரும்பு. அதற்குப் பக்கத்தில் நின்று தங்கச்சியின் மகள் ஒரு முட்டையைக் கமெராவுக்குக் காட்டிச் சிரிக்கிறாள். பதினைந்து தரமாவது அந்த வீடியோவைப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தரமும் கிணற்றைப் பார்த்து அழுதேனே தவிர, கூட்டைப் பார்க்கவில்லை.

தங்கச்சியிடம் போன் இல்லை. சந்திக் கடைக்கு எடுத்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அரை மணி கழித்து நாங்கள் திரும்ப எடுக்க வேண்டும்.

"என்னடி அது, கூட்டுக்கு மேலை?"

"அதுவோ அக்கா? ஷெல். வளவெல்லாம் கிடந்தது. வெடிக்காதெண்டு இவர் சொல்லுறார். பாரத்துக்கு நல்லம்."

"உனக்கென்ன விசரே? இண்டைக்கே எடுத்துத் தூர எறியச் சொல்லு!"

"சரி சரி, கத்தாதேங்கோ."

மறுநாள் காலை படிக்கட்டில் கிழவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "தொடவா சொன்னாய்? நேற்று எங்களைத்தானே எழுப்பிக்கொண்டு போனார்கள். குண்டையா எழுப்பினார்கள்?"

கண்முன்னே பார்த்துவிட்டு வந்து நேர்மாறாகச் சொல்லியிருக்கிறேன். ஓடிப்போய்க் கடைக்கு எடுத்தேன்.

"அவையள் இண்டைக்கு இந்தப் பக்கம் வரேல்லை அக்கா. ஆள் அனுப்பிறன்" என்றார் கடைக்காரர்.

அப்படி ஓர் அரை மணி என் எதிரிக்கும் வேண்டாம். திரும்ப எடுத்தபோது தங்கச்சியே பேசினாள். மூச்சு வாங்கியது.

"நேற்றே எறிஞ்சிட்டார் அக்கா. ஒண்டும் ஆகேல்லை."

"எங்கை?"

"பின்பக்கம், பத்தைக்குள்ளை. ஆளுயரப் புல்லு. நானும் பிறகு போய்த் தேடினனான், காணேல்லை."

"பிள்ளை எங்கை?"

"கோழியொண்டு அங்காலை ஓடிட்டுது. பிடிக்கப் போயிட்டாள்."

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சி ஓடியிருக்கிறாள்.

அன்று பிள்ளை கோழியோடு திரும்பி வந்துவிட்டாள். பின்பக்கத்துக்கு யாரும் போகாமல் முள்வேலி அடைத்தார்கள். கண்ணிவெடி எடுப்பவர்களிடம் சொல்லியும் வைத்தார்கள். அவர்கள் முறை வருவதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. தங்கச்சி கோழிகளை விட்டுவிட்டு ஓடினாள். அந்தக் காணியில் திரும்பவும் மண்ணரண் எழுந்தது.

போர் முடிந்து அவர்கள் முகாமிலிருந்து வெளியே வந்ததும், முதல் போனில் அந்தப் பிள்ளைதான் பேசினாள். நல்ல வளர்ந்த குரல்.

"பெரியம்மா, ஆமி காணியை விட்டால் நாங்கள் அங்கை போய் இருக்கலாமோ?"

போ, போ என்று அன்று அவள் தாயை நச்சரித்ததும் நான்தான். கூட்டின் மேல் கிடந்தவரை அது எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். இடம் தெரியாமல் ஆக்கியது நான்.

"ஹலோ, பெரியம்மா? கேக்குதோ?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.