டயர் சார் மொட்டை டயரில் போன அன்று

மலைச் சைக்கிள் பந்தயத்தில் கடைசியாக வருவதற்கும் ஒரு கெத்து வேண்டும். அது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொள்ளை கொள்ளையாக இருந்தது. வருஷம் தவறாமல் கலந்துகொள்வார், வருஷம் தவறாமல் கடைசி நாலைந்து பேருக்குள் வருவார். வந்த கையோடு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இன்றைக்கு மண் இருந்த பதத்துக்கு இந்த டயர் சரிப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்வார். ஜெயித்தவனைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைவிட இவரைச் சுற்றி நிற்கிற கூட்டம் பெரிது. ஜெயித்தவனுக்கு என்ன தெரியும், மிதிக்கத் தெரியும். தோற்ற காரணத்தைக் கோர்வையாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? சைக்கிள் கிளப்பில் அவருக்கு டயர் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

கடையில் அவர் வேலை என்னவென்றால், வருகிறவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இதில் தெளிவாக இருக்கிறதா அதில் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பது. நாள் முழுக்க இதே கேள்வி. ஆகவே டயர் வாங்கும்போதும் அவருக்கு இந்த டயரா அந்த டயரா என்பது வேலையின் நீட்சிதான். ஒரு வித்தியாசம், கடையில் பதில் சொல்ல எதிரே ஒருவர் இருப்பார். டயர் விஷயத்தில் கேட்கிறவரும் இவரே, சொல்கிறவரும் இவரே. கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், முண்டுகளின் உயரத்தை லென்ஸ் அளக்கிற கருவியால் அளப்பார். கடைசியில் எது அதிகத் தடிமனோ, எது அதிகம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறதோ, அதை வாங்குவார். பிடிப்புதான் முக்கியம் என்பது அவர் கட்சி. மலையே பேர்ந்து வந்தாலும் தரையை விடக்கூடாது. அவர் டயர் விடவும் இல்லை. உருளவே அதற்கு மனசு வராது.

வீட்டில் துணி காய்கிற பால்கனி டயர் காய்கிற பால்கனியாகிப் பல காலம் ஆயிற்று. அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். தினம் பத்துப் பேர் சுவரில் மோதப் போவதைப் பக்கத்து சீட்டில் இருந்து தடுக்கிற பெண்மணி, எதற்கும் அசரமாட்டார். பந்தயத்தன்று சாயங்காலம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், இந்தத் தடவை பழி முன் டயர் மேலா பின் டயர் மேலா என்று. கண்ணாடிக் கடைக்காரர் அதையும் நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

சிரிப்பு எங்கே என்றால், கிளப்பில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டு டயர் மாற்றியவர்கள். பாங்க் கேஷியர், மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் எல்லாருக்கும் அதே தடிமன், அதே முண்டு. எல்லாரும் அவரோடு சேர்ந்து கும்பலாகக் கடைசியில் வருவார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் தட்டவில்லை. கூட்டமாகத் தோற்றால் அது தோல்வி மாதிரியே தெரியாது பாருங்கள்.

இத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒரு முள், மச்சினன். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மாமாவோடு ஒரே நாளில், ஒரே கடையில், அச்சு அசலாக அதே சைக்கிளை வாங்கியவன். சைக்கிளோடு வந்த டயரை இன்றுவரை மாற்றவில்லை. அது தேய்ந்து தேய்ந்து மொட்டையாகி, உள்ளங்கை மாதிரி வழவழவென்று கிடந்தது. அதில்தான் வருஷா வருஷம் நடுவாந்திரமாக வந்து சேருவான். வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, மாமா வருகிற திசையைப் பார்த்து நிற்பான். ஒரு நாளாவது பீற்றிக்கொண்டானா, இல்லை. அதுதான் கொடுமை. எங்க மாமா போனீங்க, ரொம்ப நேரமா தேடுறேனே என்று நிஜமான கவலையோடு கேட்பான். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பரிசு வேண்டாம், பதக்கம் வேண்டாம். ஒரே ஒரு தடவை இவனுக்கு முன்னால் போய் நின்று, டீ குடித்துவிட்டு, இவனைத் தேட வேண்டும். அந்த ஆசை நெஞ்சுக்குள் ஈரத் துணி மாதிரி கிடந்தது.

இந்த வருஷப் பந்தயத்தன்று காலை, மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் புது டயரின் அருமை பெருமைகளை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கேஷியரும் வாத்தியாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு ஒரு உள்நோக்கமும் இல்லாமல் சொன்னான்:

"மாமா, டயர்தான் காரணம்னா ஒரு தடவை சக்கரத்த மாத்திப் பாத்துடலாமே. உங்களது எனக்கு, என்னோடது உங்களுக்கு."

கேஷியர் கைதட்டினார். இதைவிட நல்ல பரிசோதனை ஏது என்று வாத்தியார் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் மனசுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டார். மொட்டை டயரில் போய்த் தோற்றால் பரவாயில்லை, காரணம் கையிலேயே இருக்கிறது. ஆனால் தன் டயரில் போய் மச்சினன் ஜெயித்தால்? அதுவும் நல்லதுதானே, டயரின் பெருமை! எப்படிப் பார்த்தாலும் தனக்கு லாபம் என்று தோன்றியதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாவது வழி ஒன்று இருப்பது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை. இரண்டு சைக்கிளும் ஒரே அளவு, சக்கரங்கள் கைமாற அதிக நேரம் ஆகவில்லை.

விசில் ஊதினார்கள். முதல் ஏற்றத்திலேயே ஏதோ தப்பு நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சைக்கிள் ஓடியது. பின்னால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை, அதாவது வழக்கமாகக் கூட வருகிற கும்பல் எங்கேயோ பின்னால் இருந்தது. மழை கண்டு மாசக்கணக்காகி, பாதை சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. மொட்டை டயர் அதில் வழுக்கிக்கொண்டு போகவில்லை, ஓடிக்கொண்டு போயிற்று. முண்டு முண்டான டயரை வருஷக்கணக்காக மலை மேல் இழுத்துப் பழகிய கால்கள், சுமை இறங்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்துத் தள்ளின. முன்பின் தெரியாத இளவட்டங்களை எல்லாம் தாண்டினார். பாதி மலையில் மச்சினனையும் தாண்டினார். அவன் பெடலில் எழுந்து நின்று, வாயைப் பிளந்துகொண்டு, கிணற்றிலிருந்து கல் இழுக்கிறவன் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்துச் சிரிக்கக்கூட அவனுக்கு மூச்சு இல்லை.

அடேயப்பா, அந்த சந்தோஷம்! தன்னந்தனியாக ஒரு வளைவு முழுக்க வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த வளைவில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயித்துப் போய் நின்றால் என்ன கேட்பார்கள்? என்ன டயர் சார் என்று கேட்பார்கள். மொட்டை டயர். அப்போது பால்கனியில் தொங்குகிறதெல்லாம் என்ன? கேஷியருக்கும் வாத்தியாருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தாரே, அதெல்லாம் என்ன? இத்தனை வருஷமும் தன்னைத் தோற்கடித்தது மலையும் இல்லை, மண்ணும் இல்லை, மச்சினனும் இல்லை, தன் தேர்வுதான் என்று ஆகிவிடும். டயர் சார் என்று இனி எவன் கூப்பிடுவான், கூப்பிட்டாலும் எப்படிச் சிரித்துக்கொண்டு கூப்பிடுவான்? தோற்றவனுக்கு மானம் போகாது, அது அவருக்குப் பழக்கம். ஜெயித்தால் மானம் போகும் என்று ஒரு நிலைமை வரும் என்று எந்த மனுஷன் எதிர்பார்ப்பான்!

முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாறை பாதையை மறைக்கும். அங்கே நிறுத்தினார். இறங்கினார். பின் சக்கரத்துப் பக்கத்தில் குந்தி, வால்வ் மூடியைத் திருகி எடுத்து, ஊசியை நகத்தால் அமுக்கினார். உஸ்ஸென்று காற்று போயிற்று. ஒரு பைத்தியக்காரன் செய்கிற வேலை என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

மச்சினன் வந்து சேர்ந்தபோது அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பஞ்சர் என்றார். அவன் தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். நீ போடா என்று இவர் எவ்வளவோ சொன்னார். கேட்கிற நிலைமையில் அவன் இல்லை. மூச்சு வாங்கி முடிந்ததும் பம்ப்பை எடுத்தான். முள் இருக்கிறதா என்று டயரைச் சுற்றிலும் விரலால் தடவினான். தடவிக்கொண்டே பேசினான்.

"இந்த டயர்லயா மாமா வருஷா வருஷம் மலை ஏறினீங்க? எனக்குப் பாதியிலயே உயிர் போயிடுச்சு. மத்தவன்னா முதல் ஏத்தத்துலயே இறங்கித் தள்ளியிருப்பான். உங்க கால் இரும்புக் கால் மாமா. எனக்கு இவ்வளவு நாளா தெரியல."

அவர் வால்வ் மூடியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அவன் டயரைத் தடவி முடித்தான். முள் இல்லை, ஓட்டை இல்லை. வால்வைப் பார்த்தான். மூடி இல்லாத வால்வை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு காற்றடித்தான். அடித்து முடித்து, நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினான்.

"மூடியைக் குடுங்க மாமா."

மூடிக்கொண்டிருந்த கையைத் திறந்து கொடுத்தார். அதற்குள் கேஷியர், வாத்தியார், மருந்துக் கடைக்காரர் எல்லாரும் மூச்சிரைக்க, என்ன சார் ஆச்சு என்று கேட்டபடி தாண்டிப் போய்விட்டார்கள். மாமாவும் மச்சினனும் கடைசிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

முடிவுக் கோட்டில் கூட்டம் காத்திருந்தது. அவர் மனைவியும் டிரைவிங் ஸ்கூல் காரோடு வந்திருந்தார். பாதி மலையில் டயர் சார் பறந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், இப்போது காரணம் வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். நம்புங்கள், திறந்தார். அதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். மொட்டை டயர் கடைசிவரை தாங்காது என்று மாமா காலையிலேயே தன்னிடம் எச்சரித்ததாகவும், கேட்காமல் தான்தான் அவர் தலையில் கட்டியதாகவும் சொன்னான். காலையில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை.

டயர் சார்னா சும்மாவா என்று வாத்தியார் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். கேஷியர் அங்கேயே அடுத்த டயருக்கு யோசனை கேட்டார். மனைவிகூட, பரவாயில்லையே, நீங்க சொன்னது ஒரு நாளாவது பலிச்சதே என்றார். அவர் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கடைக்காரருக்கு எங்கேயாவது போய் அழ வேண்டும் போல இருந்தது.

கூட்டம் டீக்குப் போனபிறகு, காருக்குப் பின்னால் இரண்டு பேரும் சக்கரங்களை மாற்றிக்கொண்டார்கள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார், முடியவில்லை.

"நிறுத்தாம போயிருந்தா, நான் உன்னை ஜெயிச்சிருப்பேனா?"

மச்சினன் நட்டை இறுக்கிக்கொண்டே சொன்னான். "என்ன மாமா கேள்வி இது. நான் உங்க கிட்டவே வந்திருக்க மாட்டேன்."

அவன் வாயால் கேட்க வேண்டும் என்று அவர் இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அதுதான். கேட்டாயிற்று. சுற்றிலும் பார்த்தார். கூடக் கேட்க அங்கே ஒரு ஈ காக்கா இல்லை.