முழுசாகத் திரும்பி வந்த மெழுகுவர்த்திகள்

சபையாரே, சாயங்கால ஜெபத்துக்கு இங்கே நாம் ஏற்றின மெழுகுவர்த்திகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான்.

போன ஐப்பசி மழையில் எங்கள் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. கோரமண்டல் லைனில், சுரங்கக் கூலிகளின் வரிசையில் இருக்கிற எங்கள் தட்டி வீட்டில் நான் கதறினேன். அக்கம்பக்கத்தார் வந்து தேற்றினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அழவில்லை. சுரங்கத்தில் பாறை சரியாதபடி மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. மறுநாளே ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஆம்பிளை, மனசு திடமானவர் என்றார்கள். நானும் நம்பினேன்.

பிறகு பேச்சு குறைந்தது. தட்டில் பாதிச் சோறு நின்றது. ஜெபத்துக்குக் கூப்பிட்டால் அசதி என்றார்.

மேலே பங்களாக்களில் மின்சார விளக்கு வந்துவிட்டாலும், கீழே சுரங்க லெவலில் இன்னும் ஷிஃப்டுக்கு ஒரு மெழுகுவர்த்திதானே! ஷிஃப்டு முடிந்து மிஞ்சுகிற துண்டுகளை எல்லா வீட்டிலும் சேர்த்து வைப்போம். இவர் சட்டைப்பையிலோ முழு மெழுகுவர்த்தியே வர ஆரம்பித்தது. திரி மட்டும் லேசாகக் கருகியிருக்கும். எனக்கு ஒரே பூரிப்பு. என்ன சிக்கனமான மனுஷன்! ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் அனுப்புகிறார் என்று இதே இடத்தில் நின்று சாட்சி சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

ஒரு மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை செய்கிற முனுசாமி வந்தான். மாரியம்மனைக் கும்பிடுகிறவன். எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவன் என்பதால் எனக்கு அவனைப் பிடிக்காது.

"அண்ணி, அண்ணனுக்கு இன்னா ஆச்சு? வேல செய்யறப்ப எங்க வத்தி வெளிச்சமே போதும்ன்றாரு. கை கொஞ்சம் காலியானா ஆளில்லாத பழைய சுரங்க வழிக்குள்ள போயிடறாரு. வத்திய ஊதி அணைச்சுட்டு இருட்டுல குந்திக்கினு கீறாரு. நேத்து பெரிய பள்ளத்து ஓரமா குந்தினாரு அண்ணி. கூப்ட்டா திரும்பக்கூட இல்ல."

துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மாடத்தில் மெழுகுவர்த்திகள் அடுக்கியிருந்தன. ஐயோ, ஒவ்வொன்றும் அவர் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு ஷிஃப்டு! அந்த வெளிச்சத்திலா நாம் பாட்டுப் பாடினோம்?

சின்ன வயதில், பஞ்சத்தில், கஞ்சி வாங்கப் போன பாதையிலேயே அவருடைய அம்மா செத்துப்போனது எனக்குத் தெரியும். இந்தச் சுரங்கத்துக்குக் கூட வந்த தம்பி பாறை விழுந்து செத்ததும் தெரியும். இங்கே அவருக்கு உறவென்று வேறு யாருமில்லை என்பதும் தெரியும். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்ததே ஒழிய, அத்தனையையும் ஒரே நெஞ்சு சுமக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தையும் போனதும் அந்த நெஞ்சு நொறுங்கிவிட்டது.

அன்றைக்கு மண்தரையில் விழுந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் என்னை ஏற்றமாட்டார்கள். நீர் இறங்கிப் போம். அவரைத் தனியாக விடாதேயும்."

நான் எதிர்பார்த்தது தேவதூதனை. போனவன் முனுசாமி!

அடுத்த ஷிஃப்டு முதல், இவர் எந்த மூலைக்குப் போனாலும் அவனும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவானாம். இவர் தன் மெழுகுவர்த்தியை அணைத்தால் அவனுடையது எரியும். போடா என்று இவர் கத்தியிருக்கிறார்.

"என் வத்தி, நான் எரியவுடறேன். உனுக்கு இன்னா?" என்றானாம்.

அப்படியே பல நாள் போயிற்று. ஒருநாள் இவர் அவன் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார்: "எங்கம்மாவ வழியில வுட்டுட்டு கஞ்சிக்கு ஓடுனேன். திரும்பி வந்தா உசுரு இல்ல. இருட்டுல குந்தினா அவ பக்கத்துல கீற மாதிரி இருக்குது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயால் இதைக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, குழந்தைக்காகவும் அழுதோம்.

இப்போது சாப்பிடுகிறார். பேசுகிறார். சில நாள் பழைய மௌனம் வரும். அப்போது ஏன் என்று கேட்காமல் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். இதோ, கடைசி வரிசையில் இருக்கிறார், பாருங்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் அழாதவர் யாராவது இருந்தால் திடமானவர் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறங்கள், வாயில் வெற்றிலை இருந்தாலும் சரி.

நேற்று இவர் சட்டையைத் துவைக்க எடுத்துப் பையில் கையை விட்டேன். ஒரு துண்டுகூட இல்லை. கடைசிவரை எரித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வெறும் பையைப் பிடித்துக்கொண்டே நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.