எண்ணெய் தடவிய ஊசியோடு பாஷாணுக்கு

பிள்ளை வேலை பார்க்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கும் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1985 டிசம்பரில், ஒரு சனிக்கிழமை. அறிவியல் தெரிந்துகொள்ளப் போனேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரியே சிரிப்பாள். பொறாமையில்தான் போனேன்.

மகள் கிரேஸ், எங்கள் ஊரில் பாஷாண் என்கிற பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. பிஸ்மத் என்கிற உலோகத்தில் ஊசிமுனையை அழுத்தி, திரவ ஹீலியத்தில் இறக்கி, கரண்ட் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஊசி தீட்டித் தருபவர் அங்கே பட்டறையில் இருந்த ஒரு மராட்டியர். அவரைக் 'காகா' என்பாள், நம்ம சித்தப்பா மாதிரி. சாப்பிட உட்கார்ந்தால் காகா புராணம். "காகா போட்ட முனை ஏக்தம் பெஸ்ட் பா."

நான் கட்கி தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக டூல் கிரைண்டர். எட்டாவது வரை படிப்பு. முனை தீட்டுவது ஒன்றுதான் தெரியும். அதையும் என்னிடம் கேட்கவில்லை.

"தினமும் வீட்டுக்குள்ள காக்கா கத்துது, விருந்தாளியத்தான் காணோம்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

நானே விருந்தாளியாகக் கிளம்பினேன். கிரேஸ் மேசையில் போட்டிருந்த ஊசிக்கான டங்ஸ்டன் கம்பித் துண்டை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தீட்டி, மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டேன்.

போபோடி வீட்டிலிருந்து கட்கி ஸ்டேஷன் பத்து நிமிட நடை. 8.10 லோக்கலில் சிவாஜிநகர் ஏழு நிமிடம், டிக்கெட் ஒரு ரூபாய். பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் நின்றேன், அதற்கு இன்னொரு ரூபாய். சைக்கிளில் போயிருந்தால் நேராக ஆறு கிலோமீட்டர்தான். இஸ்திரி சட்டை கசங்குமே என்று ஊரைச் சுற்றினேன். அந்தச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் வேறு. போன பிறகுதான் தெரிந்தது, குளிரெல்லாம் குடுவைக்குள். எனக்கு வேர்த்தது.

காகா ஒல்லியான மனிதர். என் டப்பாவைத் திறந்து, ஊசியை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "பாய்சாப், என் கைக்கு இது வராது. இன்னிக்கு இதையே மாட்டலாம்" என்றார் ஹிந்தியில். ஒரு குறையாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த மாதத்துக்கு மிச்சம் இருப்பது குடுவையில் உள்ள ஹீலியம்தான், இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும் என்றாள் கிரேஸ். பதினொரு மணிக்கு ஊசியை இறக்கினார்கள். மீட்டர் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"காண்டாக்டே இல்ல பா" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீட்டி முடித்த எதையும் எண்ணெய் தடவாமல் வைக்கக் கூடாது, துரு பிடிக்கும். தொழிற்சாலைப் பழக்கம், கை தானாகச் செய்திருந்தது. அந்த எண்ணெய்தான் குளிரில் உறைந்து கரண்டை மறிக்கிறது. இந்த ஆளுக்கு எதிரில் எப்படிச் சொல்வது?

காகா ஊசி மாட்டிய கம்பியை வெளியே எடுத்து, சூடேறும்வரை காத்திருந்து, முனையை விரலால் தொட்டு முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கிரேஸிடம், "தப்பு என்னுது மகளே. துடைக்காம மாட்டிட்டேன்" என்றார்.

பழியைக்கூட அவரே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்? "எண்ணெய் நான் தடவினது" என்றேன்.

"அப்பா, இது என்ன கதவுத் தாழ்ப்பாளா?" என்று கிரேஸ் தலையில் கை வைத்தாள். நல்லவேளை, சிரித்துவிட்டாள்.

காகா ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுக்க, பன்னிரண்டரைக்கு மறுபடி இறக்கினார்கள். காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த பேனா நிதானமாகப் போய், ஓரிடத்தில் சட்டென்று கீழே விழுந்தது. தடை குறைகிறது என்று அர்த்தமாம்.

"பிஸ்மத் கட்டி முழுசும் இப்படி ஆகாது பா. ஊசி அழுத்துற அந்த இடத்துல மட்டும்தான்" என்றாள், கண்ணை எடுக்காமல். பேனா இரண்டாம் தடவையும் அதே இடத்தில் விழுந்தது. அதன் பிறகு ஹீலியம் தீர்ந்தது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை போங்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். கேன்டீனில் காரமான பயறுக் குழம்பும் பன்னுமாக மிசல் பாவ் நன்றாக இருக்கும். ஸ்வெட்டர் வேண்டாம். ஏதாவது செய்து எடுத்துப் போனால், அதில் என்ன தடவினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது கிரேஸின் நோட்டை எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில்தான் எழுதியிருந்தாள், என் எட்டாவது படிப்புக்கும் புரிந்தது. 'ஊசி: அப்பா. துடைத்தது: காகா.' இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்குக் கிடைத்த ஒரு வரி, அதிலும் பாதி அந்த ஆளுக்கு.