விடுபட்ட ஊர்

எந்த எண்ணைத் திருத்துவதானாலும், நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பாள் ஜெயப்பிரியா. தாளும் கணினியும் ஒரே விடையைச் சொன்னால்தான் சேமிப்பாள். "மொதல்ல கை சொல்லணும். அப்புறம் பெட்டி சொல்லட்டும்" என்பாள்.

கொடைக்கானலில் வாடகை வீட்டுச் சமையலறை மேசைதான் அவளுடைய அலுவலகம். பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் ஊரையும் பயிரையும் தட்டினால், கட்டவேண்டிய பிரீமியம் பளிச்சென்று வந்துவிடும். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் கணக்குப் போடுவது இவள் பல வருடங்களாகக் கட்டி வளர்த்த எக்செல் ஷீட். மென்பொருள்காரர்களே அதைத் தொட அஞ்சுவார்கள். தொட்டால், "கொதிக்கிற ஒலையில ஏம்ப்பா கைய விடுறீங்க?" என்று போனிலேயே அதட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் அடி சறுக்கியது. போன வாரம், பிறந்த ஊரான கிளாவரையிலிருந்து பெரியப்பா இருளப்பன் வந்தார். உறைபனியில் பூண்டு முழுக்கக் கருகிவிட்டதாம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றாள்.

"இந்த வருசம் கட்டல தாயி. போன வருசத்துக்கு ரெண்டு மடங்கு கேட்டுச்சு. நான் எங்கிட்டுப் போக?"

அவர் போனதும் ஷீட்டைத் திறந்து ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜூனில் ஊர்ப்பட்டியலைப் புதிதாக அடித்தபோது கிளாவரையை விட்டிருக்கிறாள். ஊர் இல்லையென்றால் ஷீட் வாயைத் திறந்து சொல்லாது. அகரவரிசையில் அதற்கு மேலே இருக்கிற ஊரின் விலையை எடுத்து நீட்டிவிடும். மேலே இருந்ததோ மழைக்கு மழை வயல் சரிகிற ஊர், விலை கூடுதல். எண்களையெல்லாம் கையால் சரிபார்த்தவள் பெயர்களைச் சரிபார்க்கவில்லை. பாவி மகள், சொந்த ஊரையா விடுவாள்?

போனில் விஷயத்தைக் கேட்ட நிறுவனத்து விக்னேஷ் இரக்கப்பட்டுத்தான் சொன்னான்: "சத்தமில்லாம அந்த வரிசையைச் சேத்துருங்க மேடம். யாரும் கேக்க மாட்டாங்க."

"கட்டாம விட்டவுகளுக்கு யாரு பதில் சொல்றது, விக்னேஷ்?"

தவறு தன்னுடையது, கட்ட முடியாமல் விட்டவர்களுக்கு நிறுவனம் வழி செய்யவேண்டும் என்று பெயர் போட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டாள். இன்னும் பதில் இல்லை. வேலை நிலைக்குமோ என்னவோ. அதைவிடப் பெரியப்பா முகத்தை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவரை வரவழைத்து மேசைமுன் உட்கார வைத்தாள்.

"விலை கூடுனதுக்கு நான்தான் காரணம் பெரியப்பா. இந்தப் பட்டியல்ல நம்ம ஊர விட்டுட்டேன்."

இருளப்பன் கோபப்படவில்லை. திரையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "எந்த எடத்துல தாயி?" என்று கேட்டார்.

ஜெயப்பிரியா அவருடைய காய்த்துப்போன விரலைப் பிடித்து, இரண்டு ஊர்களுக்கு நடுவிலிருந்த மெல்லிய கோட்டின்மேல் வைத்தாள்.