ஏழாவது குழாய்

சத்தியமாக நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வான். இதில் நான் தலை குனிந்துதான் நிற்கிறேன்.

நான் சாலைப் பணியாளன். எங்கள் நெடுஞ்சாலை ஒரு தரைப்பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக எட்டுக் குழாய்கள், ஆள் குனிந்து நுழையும் அகலம். அவை அடைத்துக்கொண்டால் வெள்ளம் சாலை மேல் ஏறிவிடும். போன மழைக்குப் பதினோரு நாள் சாலையை மூடினோம். அந்த வெள்ளத்தில்தான் தபால்காரர் அடித்துச் செல்லப்பட்டார். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

"இந்த வருஷம் ரோட்டை மூடக் கூடாதுய்யா. எட்டையும் சுத்தம் பண்ணிட்டு நோட்டுல கையெழுத்துப் போடு" என்றார் இன்ஜினியர். புது மண்வெட்டியும் கொடுத்தார்.

ஆறு குழாய் முடித்தேன். கடைசி இரண்டிலும் வாய்வரை சேறு. இடுப்பு வலி வேறு. எவன் குனிந்து பார்க்கப் போகிறான்? எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் தபால்காரரின் மனைவி வந்தாள்.

"அண்ணே, குழாய்க்குள்ள எல்லாம் பார்த்தீங்களா?"

"எட்டையும் பார்த்தாச்சும்மா. ஒண்ணுமில்ல."

அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நாக்கு கூசவில்லை எனக்கு.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மாலை 4:20. பகலிலேயே கும்மிருட்டு. தடுப்புக் கம்பத்தருகே நான் மட்டும். 4:35. தண்ணீர் சாலையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. கம்பத்தை இறக்கக் கை வைத்தேன்.

சரக்... சரக்...

மண்வெட்டிச் சத்தம். பாலத்துக்கு அடியிலிருந்து. அங்கே ஆளை மூழ்கடிக்கும் வெள்ளம்!

"யாருடா அது?"

சத்தம் நின்றது.

"ஏழு..." என்றது ஒரு குரல்.

மறுபடி சரக்... சரக்...

தண்ணீர் இறங்கியது. ஒரு சாண்... இரண்டு சாண்...

4:52.

"எட்டு. இப்பப் போடுங்கண்ணே... கையெழுத்த."

கம்பத்திலிருந்து கையை எடுத்தேன்.

அன்று சாலை மூடப்படவில்லை. "எல்லாம் உன் வேலைதான்யா!" என்று இன்ஜினியர் நாலு பேர் முன்னால் முதுகில் தட்டினார். சீ, அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. ஏழும் எட்டும் கழுவி விட்டாற்போல் இருந்தன. ஏழாவது குழாயின் வாயில் சேற்றுக் குவியல். அதில் எலும்புகள். நைந்த காக்கிச் சட்டை. கூடவே ஒரு மண்வெட்டி. என்னுடையது. அதை வைத்துப் பூட்டிய கொட்டகை பூட்டியபடியே இருந்தது. சாவி என் இடுப்பில்.

போலீஸ்காரர் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். "ஆள் செத்து ஒரு வருஷம் ஆச்சு. இது போன மாசம் வாங்கின மண்வெட்டிங்கிறீங்க. அப்புறம் எப்படிய்யா அஞ்சு விரல் எலும்பும் பிடியை இறுக்கிப் பிடிச்சிருக்கு?"

 

தபால்காரரின் மனைவி வந்தாள். அந்தக் காக்கிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"எட்டையும் பார்த்தேன்னு சொன்னீங்களே அண்ணே?"