வலியை ஃபெயில் ஆக்கிய மாமனார்

என் மாமனாரை டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்!

(மருமகள்களே, உடனே கைதட்டாதீர்கள். நல்லதுக்குத்தான்.)

மாமாவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பயம் உண்டு. மாமாவுக்கு எந்தப் பயமும் கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்றவர்கள்தான் அவரைப் பார்த்துப் பயப்படுவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. தினமும் காலையில் நோயாளியின் செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். 'இன்று வலி எவ்வளவு? 0 முதல் 10 வரை.' நம்பரைத் தட்டி அனுப்பினால் போதும். அங்கே கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். நம்பர் ஏறினால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இறங்கினால் மாத்திரையைக் குறைப்பார்கள், சும்மா சும்மா வந்து க்யூவில் நிற்கவும் வேண்டாம்.

நல்ல ஏற்பாடுதானே? மற்றவர்களுக்கு!

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெசேஜைப் படித்து, கொஞ்சம் யோசித்து, நாலு என்று அனுப்புவார்.

தினமும் நாலு!

பொத்தான் போட முடியாமல் சட்டையை விட்டு பனியனோடு உட்கார்ந்திருந்த வாரத்திலும் நாலு. காபி கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்த அன்றும் நாலு.

"மாமா, நெசமாவே நாலுதானா?"

"ஏன், நான் பொய் சொல்றேன்றியா?"

சாம்பாரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் செக்கப். நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் வீராம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா, மீன் வியாபாரம். அவரும் இதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறார்.

"நீங்க எவ்ளோம்மா அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"நான் டெய்லி பத்துதான் கண்ணு! கொறச்சிப் போட்டா கண்டுக்காம வுட்டுட்டாங்கன்னா?"

(மாமா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பரீட்சையில் காப்பி அடித்த பையனைப் பார்ப்பது போல.)

உள்ளே டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"சூப்பர் சார்! கோடு ஆடாம அசையாமப் போவுது. மாத்திரையக் கொறச்சிடலாம். ஆறு மாசம் கழிச்சி வந்தாப் போதும்."

"மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு மாமா எழுந்தார். உள்ளங்கையை ஊன்ற முடியாமல் முழங்கையை ஊன்றி எழுந்தார். ஆறு மாதம்! அதுவும் மாத்திரையைக் குறைத்துவிட்டு! அந்தக் கை என்னத்துக்கு ஆகும்?

"டாக்டர், அவர கைய மடக்கச் சொல்லுங்க!"

மாமா என்னை முறைத்தார். முறைத்தபடியே மடக்கினார். விரல்கள் பாதி தூரம்கூட வரவில்லை. டாக்டரம்மா விரல் முட்டிகளை லேசாக அழுத்திப் பார்த்ததும் மாமாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"சார்! இதுக்கா நாலு?"

"பத்துக்கு அஞ்சு எடுத்தா பாஸு, டாக்டர்."

"சரி?"

"இந்தச் சனியன நான் பாஸ் பண்ண வுடுவனா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவே விளக்கினார்.

"எங்க ஸ்கூல்ல மார்க்கு இருவதுக்கு. பதினாலத் தாண்டி நான் ஒருத்தனுக்கும் போட்டதில்ல. நல்லாப் படிக்கிறவனுக்கே போடல, என்னத் தூங்க வுடாத இதுக்குப் போடுவனா? ரெண்டுதான் போட்டிருக்கணும். போனாப் போவுதுன்னு நாலு."

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் இத்தனை நாளும் வலியோடு தனியாக உட்கார்ந்து அதை ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் பக்கத்து அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அழுகைதான் வந்தது.

"சார், வலிக்கு மார்க்கே போடாதீங்க. என் வைத்தியத்த ஒரு பரீட்சை பேப்பர்னு வெச்சிக்கிங்க. அதுல எத்தன தப்புன்னு எண்ணி அனுப்புங்க. பத்துத் தப்புன்னா நான் ஃபெயிலு."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு எண்ணணுமா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

மறுநாள் காலை அவர் அனுப்பிய நம்பர் ஒன்பது!

(அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் டிபன் இறங்கவில்லை.)

மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மருந்தை மாற்றினார்கள், ஊசியும் போட்டார்கள். எஸ்எம்எஸ்ஸில் கேள்வியையும் மாற்றப் போகிறார்களாம். மாமா கறாராகத் திருத்தினார். ஒன்பது மெதுவாக எட்டானது, ஏழானது, ஒரு வாரம் மறுபடி எட்டுக்கு ஏறிப் பயமுறுத்தியது, பிறகு இறங்கத் தொடங்கியது.

இன்று காலை மூன்று!

எனக்குச் சந்தேகம். பழைய வாத்தியார் புத்தி திரும்பிவிட்டதோ?

"மாமா, எங்க, கையக் குடுங்க பாக்கலாம்."

வாசலில் யார் வந்தாலும் பிரெஞ்சில் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லிக் கைகுலுக்குகிற மனிதர். நோய் வந்த பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இன்று யோசிக்காமல் நீட்டினார். பிடித்தார்.

பிடித்தாரா? நசுக்கிவிட்டார்!

"ஐயோ, வலிக்குது மாமா!"

"பத்துக்கு எத்தன?"