ஆவுளியாக்களின் கடைசி ஹோம் மேட்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் போர்ட் பிளேரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பென்ஷன் உள்ள அரசு வேலையில், கப்பல் டிக்கெட் கவுன்டரில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த நான், நாற்பத்தெட்டு வயதில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கால்பந்து அணிக்கு மேனேஜராகப் போனேன். அதுவரை நான் உதைத்திருந்த ஒரே உருண்டைப் பொருள் தேங்காய். அதுவும் தெரியாமல், இருட்டில்.

ஆஃப்சைடு என்றால் கோட்டுக்கு வெளியே நிற்பது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று தெரியவந்தபோது அணி மூன்று மேட்ச் தோற்றிருந்தது. என் மனைவி மட்டும் முதல் நாளே சரியாகச் சொன்னாள்: "லீவு போட்டுட்டு வேலைக்குப் போற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் என்று ஒரு படிப்பு வந்திருக்கிறதாம். அதைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதச் சொன்னார்கள். பயன்படலாம். எதைச் செய்யக் கூடாது என்பதும் ஒரு பாடம்தானே.

1. கப்பல் தெரிந்த ஆள்

அந்த லீக்கின் பெயரில் நேஷனல், சூப்பர், பிரீமியர் மூன்றும் இருந்தன. எது முதலில், எது பிறகு என்பது இப்போது எனக்கே குழப்பம். பத்து ஊர்களுக்குப் பத்து அணிகள். போர்ட் பிளேர் அணியை எடுத்தவர் ஐஸ் பிளான்ட் வைத்திருந்த அருளப்பன் அண்ணாச்சி. (ஊருக்கு இப்போது வேறு பெயர். போர்டு மாறிவிட்டது, நாக்குக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை.) தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம் என்றாலும் பேச்சு இன்னும் அந்தக் கரையிலேயே நின்றது.

"அண்ணாச்சி, எனக்கு ஆட்டமே தெரியாதே" என்றேன்.

"ஆட்டம் தெரிஞ்ச ஆளுதான் பிஸ்வாஸ் இருக்கானே, கோச்சு. எனக்குக் கப்பல் தெரிஞ்ச ஆளு வேணும்வே. டீமு போவணும், வரணும், நடுவுல எங்கயும் மாட்டிக்கிடக் கூடாது. அம்புட்டுதான்."

ஒவ்வொரு அணிக்கும் ஒரு மிருகத்தின் பெயர் வேண்டும் என்றது லீக் ஆபீஸ். மற்றவர்கள் புலி, சிங்கம், பருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார்கள். அண்ணாச்சி ஆவுளியா என்றார். எங்கள் தீவுகளின் அரசு விலங்கு அது. கடற்பசு என்றும் சொல்வார்கள். கடலடியில் புல் மேய்ந்துகொண்டு யார் வம்புக்கும் போகாமல் திரியும் பிராணி. எங்கள் ஆட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. லோகோ வரைந்த மெயின்லாண்ட் ஓவியர் ஆவுளியாவைக் கண்டதில்லை போலிருக்கிறது. பன்றிக்கு மீசை வைத்து அனுப்பியிருந்தார்.

கூடவே எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி டீம் ஜாக்கெட் வந்தது. உள்ளே கம்பளி வைத்தது. சிம்லாவில் போடலாம். விசிறி நின்றால் வேர்த்துக் கொட்டும் ஊரில் அதைக் கழுத்துவரை ஜிப் போட்டு அணிந்துகொண்டு அபர்டீன் பஜாரில் நடந்தவன் நான் ஒருவன்தான்.

ஏன் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். இந்தியா வரைபடத்தில் இடமில்லாவிட்டால் எங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு ஓரத்தில் ஒட்டுவார்கள். அவசரமென்றால் விட்டுவிடுவார்கள். மெயின்லாண்ட்காரர்களுக்கு நாங்கள் நினைவுக்கு வருவது வானிலை அறிக்கையில் மட்டும். அப்படிப்பட்டவர்களின் பெயர், ஒன்பது ஊர்ப் பெயர்களோடு ஒரே பாயிண்ட்ஸ் டேபிளில் இருந்தது. பத்தாவது இடத்தில்தான். ஆனால் பெட்டிக்குள் இல்லை.

2. எழுபதாவது நிமிடம்

மற்ற ஊர்களில் மேட்ச் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். எங்கள் மைதானத்தில் விளக்கு இல்லை. சூரியனும் இங்கே அரசு ஊழியர் மாதிரி ஐந்து மணியானால் நிற்காது. அதனால் மதியச் சோறு இறங்குவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிடும்.

முதல் ஹோம் மேட்ச்சில் எழுபதாவது நிமிடம் நெருங்கும்போது மேற்குப் பக்கக் கேலரியில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போனார்கள். வந்திருந்த அணியின் கேப்டன் பதறிப்போய், "எதற்காவது எதிர்ப்பா?" என்று ரெஃப்ரியிடம் கேட்டான். எதிர்ப்பில்லை. அவர்கள் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்காரர்கள். சாத்தம் படகுத்துறைக்குப் போய், கூட்டம் சேருவதற்குள் ஃபெரி பிடிக்க வேண்டும். கோல் விழும் என்று காத்திருந்து ஃபெரியை விட்டவர்களை அங்கே வீட்டில் ஏற்றுவதில்லை.

அந்த ரசிகர்கள் சீசன் முழுக்கத் தோல்வியின் கடைசி இருபது நிமிடங்களைப் பார்க்கவே இல்லை. பலர் இன்றுவரை அவற்றை டிரா என்றே நம்புகிறார்கள்.

3. "எல்லாரும்"

எங்கள் கோல்கீப்பர் ஐசக், கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்தவன். அவனும் நானும் பேசிக்கொண்டது தீவு ஹிந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன். லோகோவைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவன். "பன்றின்னா எங்க ஊர்ல மரியாதை சார்" என்றான்.

பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து நிற்பான். "சார், ஷிப் புரோகிராம் வந்துச்சா?"

அவனை வளர்த்தவர் தாய்மாமா. தோட்டத்தையும் தேவாலயத்தையும் விட்டு நகராதவர். சீசன் முடிவதற்குள் ஒரு மேட்ச்சுக்கு அழைத்துவருவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"எத்தனை பேருக்குடா டிக்கெட்?"

"எல்லாரும் சார்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்."

அங்கே ஒரு குடும்பம் என்றால் அதற்குள் நம்மூர்த் தெரு ஒன்று அடங்கும். டிக்கெட் எனக்குப் பிரச்சினையில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. பிரச்சினை தேதி. கப்பல் வரும் நாளில் மேட்ச் இருக்காது, மேட்ச் நாளில் கப்பல் இருக்காது. லீக் ஆபீசுக்குப் போன் போட்டு, கப்பல் புரோகிராமைப் பார்த்துவிட்டு மேட்ச் தேதி வையுங்கள் என்று கெஞ்சினேன். மறுமுனையில் இருந்த பையன் மரியாதையாகக் கேட்டான்: "எந்தக் கப்பல் சார்?"

கடைசியில் ஒரே ஒரு ஹோம் மேட்ச்சுக்குத் தேதி பொருந்தியது. காலையில் கப்பல் ஹடோ துறைக்கு வரும். மதியம் ஆட்டம். அதுதான் சீசனில் எங்களுடைய கடைசி ஹோம் மேட்ச்.

4. ஜஹாஸ் லேட்

அன்று காலை இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, கடல் மோசம், கார் நிக்கோபார் கப்பல் மதியம் தாண்டித்தான் வரும். இரண்டாவது என் போனில் வந்தது. நெட் வராத ஊரில் வரவேண்டாத செய்தி மட்டும் தவறாமல் வந்து சேரும். ஸ்பான்சர் விலகிவிட்டதால் லீக் உடனடியாக நிறுத்தப்படுகிறது. மீதி ஆட்டங்கள் கிடையாது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "லீக்கு போச்சுன்னா போட்டும். கப்பல் வருதா, வரலையா? அதச் சொல்லும்வே" என்றார்.

"வருது. லேட்டா வருது."

"பொறவென்ன? ஆடச் சொல்லும்."

வந்திருந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து அணி. அதன் மேனேஜர் தங்கமான மனுஷன். "ஏனுங்க, ஃப்ளைட்டு நாளைக்குத்தானுங்களே. ரூம்ல உக்காந்து ஆளுக்காள் மூஞ்சியப் பாக்கறதுக்கு ஆடிப்போடலாமுங்க" என்றார். பையன்களுக்கு ஆட்டம் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இங்கே கல்யாணம் கப்பலுக்காக நிற்கும். பரீட்சை நிற்கும். சவ அடக்கமும் நிற்கும். மைக்கில், "ஜஹாஸ் லேட் ஹை, மேட்ச் தோடா ருகேகா" என்று அறிவித்தேன். கப்பல் தாமதம், ஆட்டம் கொஞ்சம் காத்திருக்கும். கேலரியில் ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கேட்டவர் மெயின்லாண்ட் ரெஃப்ரி ஒருவர்தான்.

"கப்பலுக்கும் கிக்-ஆஃபுக்கும் என்ன சம்பந்தம்? லேட்டானா நான் ரிப்போர்ட் எழுதுவேன்."

"யாருக்கு சார்?" என்றேன்.

அவர் தன் போனை ஒருமுறை பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கடலை வாங்கப் போனார்.

ஆனால் எவ்வளவு நேரம்? கோச் பிஸ்வாஸ் வானத்தைக் காட்டினார். "தாதா, ஜஹாஸ் கே லியே ஹம் ருகேங்கே, சூரஜ் நஹி ருகேகா." அண்ணா, கப்பலுக்காக நாம் நிற்கலாம், சூரியன் நிற்காது. வேறு வழியில்லாமல் தொடங்கினோம். ஐசக் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனான். அங்கிருந்து அவன் பந்தைப் பார்த்ததைவிடக் கடலைப் பார்த்ததுதான் அதிகம்.

பத்தாவது நிமிடத்தில், துறைமுக வாயிலில் ராஸ் தீவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு ஹார்ன். மைதானமே எழுந்து கடலைப் பார்த்துத் திரும்பிக் கைதட்டியது. ஐசக்கும் திரும்பினான். அந்த நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் பந்து ஒன்று உள்ளே உருண்டு போனது. கோயம்புத்தூர்ப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நின்று, அவனும் கப்பலைப் பார்த்தான். ஒன்று - பூஜ்யம்.

அண்ணாச்சி தன் ஐஸ் லாரிகளை ஹடோவுக்கு அனுப்பியிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில், கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே வந்து சேர்ந்தார்கள். பாயும் படுக்கையும், கூடையும், வாழைத்தாரும், கடல் பிரட்டிய முகங்களுமாக. முன்னால் மாமா, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையில். ஐசக்கின் கோலுக்குப் பின்னால் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான்.

உட்கார்ந்த பிறகு வந்தது சோதனை. கோல் வாங்கிய ரோஷத்தில் எங்கள் அணி, வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரணியின் பாதியிலேயே ஆடத் தொடங்கியது. பந்து ஐசக் பக்கம் வரவேயில்லை. பிஸ்வாஸ் தொண்டை கிழிய "ஆகே! ஆகே!" என்று பையன்களை முன்னால் விரட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பந்து எங்கள் கோலுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது ஐசக் சும்மா நிற்பதைப் பார்க்கவா?

எழுபதாவது நிமிடம் வந்தது. பாம்பூஃப்ளாட்காரர்கள் எழுந்தார்கள். கோலுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பந்து எங்கள் டிஃபென்டர் ரஃபியின் காலில் இருந்தது. ஜாக்கெட்டோடு கோட்டுக்கு ஓடிப்போய், "ரஃபி! பீச்சே தே! ஐசக் கோ தே!" என்று கத்தினேன். பின்னால் கொடு, ஐசக்குக்குக் கொடு. பிஸ்வாஸ் என் காலரைப் பிடித்து இழுத்தார். ஆனால் ரஃபிக்கு ஃபெரி பாஸ் எடுத்துக் கொடுத்த ஆள் நான். அவன் கொடுத்துவிட்டான்.

சொந்த ஆள் காலால் திருப்பித் தரும் பந்தை கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எனக்குத் தெரியாது. ஐசக்குக்குத் தெரியும். ஆனாலும் குனிந்தான், எடுத்தான், நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பின்னால் இருந்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். ரெஃப்ரி விசில் ஊதினார்.

கோலுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், எதிரணிக்கு ஃப்ரீ கிக். எங்கள் அணி முழுவதும் கோல் கோட்டில் சுவராக நின்றது. உதைத்த பந்து யார் முழங்காலிலோ பட்டு மூலைக்குத் திரும்பியது. ஐசக் ஏற்கனவே வேறு பக்கம் சாய்ந்திருந்தான். எப்படித் திரும்பினான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீண்டுகொண்டே போன கையொன்று பந்தைத் தட்டி வெளியே தள்ளியதை மட்டும் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. பாடியவர்கள் பாட்டை விட்டுவிட்டார்கள். மாமா மட்டும் உட்கார்ந்தபடியே சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

சற்று நேரத்தில் பந்தே தெரியாமல் போகவே ரெஃப்ரி ஆட்டத்தை முடித்தார். பையன்களைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, லீக் நின்றுபோன செய்தியைச் சொன்னேன்.

"காலையிலயே தெரியும் சார்" என்றான் ஐசக். "எல்லார் போன்லயும் வந்துச்சு. உங்களுக்குத்தான் யாரும் சொல்லவேணாம்னு இருந்தோம். ஜாக்கெட்டெல்லாம் போட்டிருந்தீங்களா, பாவமா இருந்துச்சு."

5. பாடம்

லீக் அதோடு சரி. அதன் இணையதளமும் இப்போது திறப்பதில்லை. திறக்காது என்று தெரிந்தே சனிக்கிழமைகளில் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். பத்தாவது இடத்தில் எங்கள் பெயர் இருந்ததைக் காட்ட இனி என்னிடம் அந்த ஜாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் இன்னும் மைதானத்து வாசனை வருகிறது. மனைவி அதைப் பூஞ்சை என்கிறாள்.

மேனேஜ்மென்ட் படிக்கிற பிள்ளைகளுக்கு என் பாடம் இவ்வளவுதான்: யார் வருவதற்காக ஆடுகிறீர்களோ அவர்களுடைய கப்பல் என்றைக்கு என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்த கப்பலுக்குள் நான் கவுன்டருக்குத் திரும்பிவிட்டேன். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்க மாமா வந்தார். எல்லாருக்கும் எடுத்தேன். பங்க் படுக்கைக்குப் பிரச்சினை இல்லாமல், வயதானவர்களுக்குக் கீழ்த்தட்டு, வாந்தி எடுப்பவர்களுக்குக் காற்றுப் பக்கம். அவர் கவுன்டர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்ச்ல பின்னால குடுன்னு கத்தினது நீங்கதானே?" என்றார் ஹிந்தியில்.

ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். "ஆமாங்க" என்றேன்.

அவர் டிக்கெட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"இந்த வேலை உங்களுக்கு நல்லா வருது. இதையே பாருங்க."